வானொலி வளர்த்த காதுகள்

2024 பிப்ரவரி 20ஆம் தேதி அமீன் சயானி மும்பையில் தமது 91வது வயதில் காலமானார். அன்று இரவுக்குள் நாக்பூர், புனே, ஜாம்ஷெட்பூர், பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேரும் தமிழர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். மறைந்தவரோ ஹிந்தி அறிவிப்பாளர். பாடகர் அல்ல, நடிகரும் அல்ல. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நான்கு வார்த்தை பேசியவர், அவ்வளவுதான். வீட்டில் தமிழ் பேசி, மார்கழியில் திருப்பாவை சொல்லி, டிசம்பர் சீசனுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடிய நம்மவர்களுக்கு அவர் மறைவு ஏன் சொந்தத்தில் ஒருவர் போனது போல இருந்தது?

யோசித்துப் பார்த்தால் இதற்கான விடை ஒரு மனிதரைப் பற்றியது மட்டுமல்ல என்று தெரிகிறது. நாம் எந்தப் பாட்டைக் கேட்கலாம், எந்தப் பாட்டைக் கேட்கக்கூடாது என்று நம் நாட்டில் அரசாங்கமே பல முறை முடிவு செய்ய முயன்றிருக்கிறது. அந்த முயற்சிகளின் கதையும், நம் வீட்டுக் கூடத்தில் அன்றாடம் நடந்ததும் ஒன்றோடொன்று பின்னியவை. நாற்பது ஆண்டுகளுக்கு அருகே மத்திய அரசுப் பணியில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஓர் உத்தரவு எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆரம்ப நாட்கள்

நம் நாட்டில் வானொலி வந்த கதையில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. 1924ல் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அவ்வாண்டே ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. பணமுடையால் 1927ல் அது நின்றுபோயிற்று. 1930ல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊராரைப் பாட்டுக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சி நிலையம்.

1947ல் பிரிவினைக்குப் பின் நம் பங்குக்கு வந்தவை டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ ஆகிய 6 நிலையங்களும் 18 ஒலிபரப்பிகளும்தான். நாட்டின் நிலப்பரப்பில் 2.5 சதவீதத்துக்கும் மக்கள்தொகையில் 11 சதவீதத்துக்குமே அவற்றின் ஒலி எட்டியது. ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, அந்தச் சிறிய புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிவந்தது பலருக்கு நினைவிருக்கலாம். எல்லா நிலையங்களும் அரசாங்கத்தின் கையில் இருந்தன. ஆகவே, காற்றில் வரும் பாட்டுக்கும் அரசாங்கமே பொறுப்பு என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு இயல்பாகவே ஏற்பட்டது.

ஹார்மோனியத்தின் மீது வழக்கு

முதலில் சிக்கியது ஹார்மோனியம். டெல்லி நிலையத்தில் மேலை இசைப் பிரிவைக் கவனித்துவந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர், 1938ல் அந்த வாத்தியத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன். ரவீந்திரநாத் தாகூருக்கும் ஹார்மோனியம் பிடிக்காது. கல்கத்தா நிலையத்துக்கு அவரும் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1940 மார்ச் 1ஆம் தேதி முதல் அகில இந்திய வானொலியின் எல்லா நிலையங்களிலும் ஹார்மோனியம் விலக்கப்பட்டது.

நான் பௌதிகம் படித்தவன் என்பதால் இதிலுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்புராவில் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் சரியாக 1.5. மேலை முறைப்படி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துச் சுருதி கூட்டிய ஹார்மோனியத்தில் அது 1.498. இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலோர் காது கண்டுகொள்ளாது. ஆனால் அந்தர காந்தாரம் 1.25 ஆக இருக்கவேண்டிய இடத்தில் 1.26 ஆக ஒலிக்கும். பழகிய காதுக்கு இது உறுத்தும். இதைவிடப் பெரிய குறை, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்கிச் செல்ல வழியில்லாதது. கமகம் இல்லாமல் தோடியை எப்படி வாசிப்பது? எனவே குற்றச்சாட்டு பொய்யல்ல.

ஆனால் நடந்தது என்ன? வானொலியில் இல்லாத ஹார்மோனியம், வானொலிக்கு வெளியே ஒரு நாளும் ஓயவில்லை. நம் பஜனை மடங்களில் நாமசங்கீர்த்தனத்துக்கு அதுவே ஆதார சுருதி. குருத்வாராக்களில் கீர்த்தனுக்கு, தர்காக்களில் கவ்வாலிக்கு, மராத்தி மேடையில் நாட்டிய சங்கீதத்துக்கு எல்லாம் அதுதான். விலை மலிவு, தூக்கிச் செல்லலாம், சுருதி கலையாது, பத்துப் பேர் கூடிப் பாடும்போது குரலைத் தாங்கிப் பிடிக்கும். கடைசியில் 1971ல், சில நிபந்தனைகளுடன், வானொலியே கதவைத் திறந்தது. முப்பத்தோரு ஆண்டுத் தடையால் ஹார்மோனியம் அழியவும் இல்லை, அதன் காந்தாரம் திருந்தவும் இல்லை.

கேஸ்கரின் காலம்

அடுத்த முயற்சி இதைவிடப் பெரியது. 1952ல் பி.வி. கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். 1962 வரை பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார். பாரிஸில் டாக்டர் பட்டம் பெற்றவர், த்ருபத் சங்கீதம் முறையாகப் பயின்றவர். சமஸ்தானங்களும் ஜமீன்களும் போய்விட்டன. வித்வான்களை ஆதரிக்க இனி யார் இருக்கிறார்கள்? அரசாங்கம்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும், அதற்கு வானொலியே கருவி என்பது அவர் வாதம். இதில் தவறு காண முடியாது.

ஆனால் சினிமாப் பாட்டைக் குறைத்தால்தான் சாஸ்திரிய சங்கீதம் வளரும் என்று அவர் நம்பினார். அவர் ஒரே கையெழுத்தில் சினிமாப் பாட்டைத் தடை செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படியல்ல. முதலில் சினிமாப் பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. ஒலிபரப்புகிற பாட்டும் சலித்துத்தான் எடுக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் என்று கூறி, பாடகர் பெயரை மட்டும் அறிவித்தார்கள். இதனால் கோபமடைந்த தயாரிப்பாளர்கள், தங்கள் பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றேபோயிற்று.

இந்தத் தூய்மை முயற்சிக்கு வேறொரு முகமும் உண்டு. கேஸ்கருக்கு முன்பே, 1946ல் இத்துறை சர்தார் படேலிடம் இருந்தபோது, சொந்த வாழ்க்கை ஊரார் வாய்க்கு இடமான எவருக்கும் வானொலியில் வாய்ப்பில்லை என்று விதிக்கப்பட்டது. வடக்கே தலைமுறை தலைமுறையாகத் தும்ரியையும் தாத்ராவையும் காப்பாற்றி வந்த பாடகிகள் பலர் இதனால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். சங்கீதத்தைக் காப்பதாகச் சொல்லி, சங்கீதத்தைச் சுமந்துவந்தவர்களையே விலக்கிய கொடுமை இது. இதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக்கூடாது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். சினிமாப் பாட்டு வானொலியிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே 1952ல்தான் 'பைஜு பாவ்ரா' படம் வெளிவந்தது. நௌஷாத் இசையில், உஸ்தாத் அமீர் கானும் டி.வி. பலூஸ்கரும் போட்டிப் பாட்டுப் பாடிய படம். ராகம் என்ற சொல்லே அறியாத லட்சக்கணக்கானவர்கள் ராகத்தின் ருசியை அதில்தான் கண்டார்கள். நம் பக்கத்திலும் கோடு அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1944ல் வந்த 'ஹரிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவன்தான் இன்று நம் கச்சேரி மேடைகளில் பாடப்படும் கிருதிகளையும் இயற்றியவர். ஒரே பேனாவில் எழுதியதில் இது சங்கீதம், அது சினிமா என்று பிரிப்பது எங்ஙனம்?

கொழும்பிலிருந்து வந்த பாட்டு

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் இருந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்காக இலங்கையில் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ரேடியோ சிலோன் அதைக்கொண்டு வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது.

கொழும்புக்கும் டெல்லிக்கும் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பாட்டு எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே சென்று சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். சிற்றலை மேலே போய், 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, வளைந்து மீண்டும் பூமிக்கு வரும். அதனால்தான் மலையும் காடும் மாநில எல்லையும் அதற்குத் தடையில்லை. அந்த மண்டலம் ஓயாமல் அசைவதால் பாட்டும் அலைபோல் ஏறி இறங்கும். பல்லவி கணீரென்று கேட்கும், சரணம் வரும்போது கடலுக்குள் முங்கிவிடும். மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, 25 மீட்டரிலும் 41 மீட்டரிலும் முள்ளை மயிரிழை நகர்த்திய பழக்கம் அந்தத் தலைமுறையின் கையில் இன்றும் இருக்கும்.

1952 டிசம்பர் 3ஆம் தேதி புதன்கிழமை இரவு 'பினாகா கீத்மாலா' ரேடியோ சிலோனில் ஆரம்பமாயிற்று. பற்பசை நிறுவனத்தின் விளம்பர நிகழ்ச்சிதான். பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்புவார்கள். அமீன் சயானிக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. தொடக்கத்தில் ஏழு பாட்டுகளை ஒலிபரப்பி, நேயர்களையே வரிசைப்படுத்தச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்றும், விரைவிலேயே அது வாரத்துக்கு 65,000 ஆயிற்று என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடிதங்களைச் சமாளிக்க முடியாமல், 1954 முதல் இசைத்தட்டு விற்பனையையும் பார்த்து அவர்களே வரிசைப்படுத்தினார்கள். இத்தனையாவது இடம் என்று சொல்லாமல் இத்தனையாவது படி என்பார். எல்லாரும் 'பாயியோ அவுர் பெஹனோ' என்று அழைத்த காலத்தில், சகோதரிகளை முதலில் வைத்து 'பெஹனோ அவுர் பாயியோ' என்றார். அடுப்படியில் இருந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜும்ரி தலையா என்ற அபிரகச் சுரங்க ஊர் நாடெங்கும் தெரிந்ததும் பாட்டுக் கேட்டு அங்கிருந்து வந்த கடிதங்களால்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதே அனுபவம் தமிழிலேயே கிடைத்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் எஸ்.பி. மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு பழக்கம். தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கேட்கக் கடல்கடந்த நிலையத்தைத் திருப்பவேண்டியிருந்தது என்பதுதான் கேஸ்கர் கொள்கையின் பலன்.

டெல்லியில் உணராமல் இல்லை. 1957 அக்டோபர் 3ஆம் தேதி 'விவித பாரதி' தொடங்கப்பட்டது. ஹிந்திக் கவிஞர் நரேந்திர சர்மா அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். கேஸ்கர் அமைச்சராக இருக்கும்போதே சினிமாப் பாட்டு அரசாங்க வானொலிக்குள் திரும்பி வந்துவிட்டது. 1967ல் விவித பாரதியில் விளம்பரமும் வந்தது. எந்த விளம்பரத்துக்குப் பயந்து படத்தின் பெயரை மறைத்தார்களோ, அந்த விளம்பரத்தை விற்றுப் பணம் ஈட்டும் நிலைக்கு வானொலி வந்தது.

எங்கள் வீட்டில்

இனி, ஒரு சாதாரணக் குடும்பத்தில் இதன் எதிரொலி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். என் தகப்பனார் டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தா. கரோல்பாகில் இரண்டு அறை வீடு. அதில் ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ. போட்டால் சூடாகிப் பேசவே அரை நிமிஷம் ஆகும். சனிக்கிழமை இரவு தேசிய சங்கீத நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. புதன்கிழமை இரவு என் அக்கா சிலோனைத் திருப்பினால், "இதெல்லாம் சங்கீதமா? மூடு" என்பார். அமைச்சர் நாட்டுக்குச் செய்ததை அப்பா வீட்டுக்குச் செய்தார் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியதுண்டு.

விளைவும் அதேதான். அக்கா அடுத்த வீட்டுப் பஞ்சாபி மாமியின் கூடத்தில் உட்கார்ந்து கீத்மாலா கேட்டாள். பாட்டு வரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். அப்படித்தான் அவளுக்கு ஹிந்தி சுத்தமாக வந்தது. அந்த மாமி ரசம் வைக்கக் கற்றதும், எங்கள் வீட்டில் ராஜ்மா நுழைந்ததும் அதே புதன்கிழமைகளில்தான். லாகூரை விட்டு வந்த குடும்பமும் மாயவரத்தை விட்டு வந்த குடும்பமும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் முணுமுணுத்தன. கோடை விடுமுறைக்குக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுப் பயணம் செய்யும்போது, பெட்டி முழுக்க அந்தாக்ஷரி நடக்கும். நாக்பூர் வரை ஹிந்திப் பாட்டு. விஜயவாடா தாண்டியதும் தமிழ்ப் பாட்டுத் தலைதூக்கும்.

ஒரு நாள் அடுத்த வீட்டிலிருந்து 'பைஜு பாவ்ரா'வில் முகமது ரஃபி பாடிய பஜனை கேட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஹிந்தோளம்" என்றார். வடக்கே அதற்கு மால்கௌன்ஸ் என்று பெயர் என்றாள் அக்கா. அந்தப் பஜனையை எழுதியவர் ஷகீல் பதாயுனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி என்றும் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மோர் சாதத்தை முடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த புதன்கிழமை "மூடு" என்ற சொல் வரவில்லை.

நின்று நிலைத்தவை

இதையெல்லாம் படித்துவிட்டு, கேஸ்கர் செய்தது அனைத்தும் வீண் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவர் காலத்தில் கொடுக்கப்பட்டவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். தேசிய சங்கீத நிகழ்ச்சி 1952 ஜூலையில் ஆரம்பமாயிற்று. டெல்லியிலும் லக்னோவிலும் இருந்தவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கர்நாடக சங்கீதத்தை முழுக்கச்சேரியாகக் கேட்டார்கள். கும்பகோணத்தில் இருந்தவர்கள் கயாலையும் சரோதையும் கேட்டார்கள். அதே ஆண்டு அமைந்த வாத்திய விருந்தாவைப் பண்டிட் ரவி சங்கரும், வயலின் வித்வான் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். 1954ல் வானொலி சங்கீத சம்மேளனம் தொடங்கியது. வித்வான்களுக்குத் தரவரிசையும் மாதச் சம்பள வேலையும் கிடைத்தன. தேர்வு முறையில் மனக்கசப்புகள் எழுந்தது உண்மை. ஆனால், சபா டிக்கெட் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் முதல்தர சங்கீதம் செலவின்றி வந்துசேர்ந்தது அதனினும் பெரிய உண்மை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும்போது, ரூர்கேலாவிலும் போபாலிலும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து பஞ்சரத்னத்தைக் கூடவே பாடிய மாமிகளை நான் அறிவேன். வானொலியின் இசைப் பயிற்சியைக் கேட்டே வர்ணம் கற்றவர்களும் உண்டு.

விவித பாரதி 'சங்கீத் சரிதா' என்றொரு நிகழ்ச்சியைக் காலையில் நடத்தியது. ஒரு ராகத்தை விளக்கி, அதில் அமைந்த சினிமாப் பாட்டையும் போட்டுக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் பகையென்று கருதப்பட்ட சினிமாப் பாட்டே ராகத்துக்குள் நுழையும் வாசலாயிற்று.

ஆக, தடுத்தவை எதுவும் போய்விடவில்லை. விடாமல் கொடுத்தவை நின்றன. இந்த வரலாற்றில் நான் கண்ட சாரம் இதுதான்.

1976ல் கல்கத்தா

இதற்கு மிகத் தெளிவான சான்றை நான் நேரில் கண்டது கல்கத்தாவில். மகாளய அமாவாசை நமக்குத் தர்ப்பண நாள். வங்காளிகளுக்கும் அப்படியே. ஆனால் அவர்களுக்கு அன்று விடியற்காலை 4 மணிக்கு இன்னொரு கடமையும் உண்டு. வானொலியில் 'மகிஷாசுர மர்தினி' கேட்பது. பாணி குமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, பீரேந்திர கிருஷ்ண பத்ரர் சண்டீ பாராயணம் செய்த அந்த நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது வானொலி நிகழ்ச்சி என்பதே மறந்துபோய், சாஸ்திரத்தில் சொன்ன சடங்கு போலவே ஆகிவிட்டது.

1976 நெருக்கடி நிலைக் காலம். புதுமை செய்கிறோம் என்று பழைய நிகழ்ச்சியை விட்டுவிட்டு, வங்காளத் திரையின் முடிசூடா மன்னர் உத்தம் குமாரை வைத்து வேறொன்றை ஒலிபரப்பினார்கள். நான் அப்போது கல்கத்தாவில் இளம் அதிகாரி. ரேடியோவில் அந்தக் குரல் வரவில்லை என்றதும் அன்று விடிவதற்குள் தெருவே எழுந்து நின்றது. ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பேச பயந்த காலம் அது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரை வாய்விட்டே பேசினார்கள். எதிர்ப்புத் தாங்காமல் அந்தப் பூஜைக் காலத்திலேயே பழைய நிகழ்ச்சியை மீண்டும் ஒலிபரப்பினார்கள். பிறகு அதை மாற்ற எவரும் துணியவில்லை. உத்தம் குமார் மீது வங்காளிகளுக்கு அன்பு குறையவும் இல்லை. அவருக்கு உரிய இடம் வெள்ளித்திரை, அந்த விடியற்காலை பத்ரருக்கு உரியது, அவ்வளவே.

அதே 1976ல், அரசாங்க நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காகக் கிஷோர் குமாரின் பாட்டுகளை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிறுத்திவைத்தார்கள். ஷா கமிஷன் முன் இது வெளிப்பட்டது. நெருக்கடி நிலை முடிந்ததும் அத்தடையும் முடிந்தது. கிஷோர் குமாரை அதற்குள் யாரும் மறந்துவிடவில்லை.

இன்றைய நிலை

அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001ல் பெங்களூரில் தனியார் பண்பலை வானொலி வந்தது. இன்று எந்த அமைச்சரும் நம் காதுக்குக் காவல் நிற்க முடியாது. உலகத்துச் சங்கீதம் முழுவதும் கைபேசியில் இருக்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நம் வீடுகளில் ரேடியோ ஒன்றே ஒன்று. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது பாடுவது எல்லார் காதிலும் விழும். அப்பாவின் தேசிய நிகழ்ச்சி அக்காவின் காதில் விழுந்தது. அக்காவின் கீத்மாலா அப்பாவின் காதில் விழுந்தது. நான் கேட்க விரும்பாததையும் கேட்டுக் கேட்டே என் காது வளர்ந்தது. இன்று என் மகன் வீட்டில் நான்கு பேர், நான்கு காதுக்கருவி. பேத்தி கொரிய மொழிப் பாட்டுக் கேட்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் கேட்பது என் காதிலும், நான் கேட்பது அவள் காதிலும் விழாமலே நாங்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் வருத்தம். முன்பு அமைச்சர் தேர்ந்தெடுத்தார். இன்று ஒரு கணிப்பொறி, நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றும் எடுத்துக் கொடுக்கிறது. அமைச்சரோடாவது சண்டை போட முடிந்தது!

பல ஊர்களில் சிதறி வாழும் நாம், குழந்தைகளுக்கு நம் சங்கீதம் தெரியவில்லையே என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கவலைப்படுகிறோம். அவர்கள் கேட்பதைத் தடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1940, 1952, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் பதில் சொல்லும். நாம் செய்யக்கூடியது வேறு. காலையில் அரை மணி நேரம், காதுக்கருவி இல்லாமல், கூடத்தில் உரக்க ஒலிக்கும்படி ஒரு கச்சேரியைப் போட்டு வையுங்கள். கேள் என்று யாரையும் சொல்லவேண்டாம். அவர்கள் பல் துலக்கட்டும், ஷூ லேஸ் கட்டட்டும், காதில் விழுந்தால் போதும். அதேபோல வாரம் ஒரு நாள் அவர்கள் பாட்டையும் கூடத்தில் ஒலிக்கவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் வீட்டில் சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிச் செய்கிறோம். பேத்தியின் பாட்டு ஒன்றில் ஐந்தே ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வந்தன. மோகனம் மாதிரி இருக்கிறதே என்றேன். மோகனம் என்றால் என்ன தாத்தா என்று கேட்டாள். இப்போது ஆரோகணம், அவரோகணம் வரை வந்திருக்கிறோம்.